இடுப்பில் உலோக மூட்டு உள்ளவருக்குக் கதிர்ச் சிகிச்சையை எப்படித் திட்டமிடுகிறார்கள்?

கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த ஒரு முதியவராவது இல்லாத உறவுக்கூட்டம் யாழ்ப்பாணத்தில் அரிது. முறிந்த தொடையெலும்பின் தலையை அகற்றிவிட்டு அவ்விடத்தில் உலோகத் தலையொன்றைப் பொருத்துகிறார்கள். அவரும் சில மாதங்களில் ஊன்றுகோலோடு கோயில் வீதி சுற்றத் தொடங்குகிறார். வீட்டார் "கம்பி வைச்சது" என்று ஒரு சொல்லில் அதை முடித்து மறந்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழிந்து அதே மனிதருக்குப் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றும், கதிர்ச் சிகிச்சை வேண்டும் என்றும், ஊர்வழக்கில் சொன்னால் கரண்ட் பிடிக்க வேண்டும் என்றும் வைத்தியர் சொல்லும்போது, மறந்துபோன கம்பி மறுபடி பேச்சுக்கு வருகிறது. "உந்த இரும்புக்குள்ளால கரண்ட் போகுமோ, தம்பி?" என்று அவர் கேட்பார்.

போகும், ஆனால் குறைந்து போகும். குறைவதால் மட்டும் ஒரு திட்டம் கெட்டுவிடாது. எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்தால் அதைக் கணக்கில் சேர்த்துத் திட்டம் போடலாம். தெரியாமல் போனால்தான், புற்றுக்குச் சேர வேண்டிய கதிர் சேராமலும் சேரக்கூடாத இடத்தில் சேர்ந்தும் விடுகிறது. உலோக மூட்டு உள்ளவருக்கான திட்டமிடலில் நடக்கும் வேலையில் பெரும்பங்கு, இந்தத் தெரியாமையை ஒவ்வொரு படியாக அகற்றும் வேலைதான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். இரு தொடைகளின் மேற்புறத்திலும் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படுகின்ற எலும்பு மேடுகளை ஒரு நேர்கோட்டால் இணைப்பதாகக் கற்பனை செய்தால், அந்தக் கோடு இரு இடுப்பு மூட்டுகளின் மட்டத்தில் உடலைக் குறுக்கே கடந்து, ஆண்களில் புரொஸ்டேட் சுரப்பியின் அருகாகவும், சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியையும் மலக்குடலையும் ஒட்டியும் செல்லும். பெண்களில் கருப்பைக் கழுத்து இதற்குச் சற்று மேலே இருக்கிறது. ஆகவே இடுப்புக்கூட்டுக்குள் வருகிற புற்றுநோய்கள் பலவற்றுக்கு, வலமும் இடமும் காவல் நிற்பவை தொடையெலும்பின் தலைகளே. அவற்றுள் ஒன்றோ இரண்டுமோ உலோகமாகிவிட்டால், பக்கவாட்டிலிருந்து வரும் கதிரின் பாதையில் உலோகம் குறுக்கிடுவது தவிர்க்க முடியாததாகிறது.

கதிர்ச் சிகிச்சையில் இரண்டு வகை எக்ஸ் கதிர்கள் வேலை செய்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் உலோகம் இரண்டையும் வெவ்வேறு விதமாக நடத்துகிறது. திட்டமிடுவதற்காக எடுக்கும் சி.ரி. ஸ்கானில் பயன்படுவது பெரும்பாலும் 120 கிலோவோல்ட் அளவிலான மென்மையான கதிர். சிகிச்சைக்கான ஆர்முடுக்கி யந்திரத்திலிருந்து, வைத்தியசாலையில் லினாக் என்று அழைக்கப்படுவதிலிருந்து, வருவது 6 மெகாவோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட கடுமையான கதிர். முதலாவது கதிர் படம் வரைகிறது. அந்தப் படத்தை வைத்தே, இரண்டாவது கதிர் உடலுக்குள் எங்கே எவ்வளவு சேரும் என்று கணினி கணக்கிடுகிறது. படம் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும்.

படம் எப்படிப் பிழைக்கிறது? கிடுகு வேலி அடைத்த ஒரு வளவை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஒருவர் வெளியே டோர்ச் அடித்துக்கொண்டே வளவைச் சுற்றி நடக்கிறார். எதிர்ப்புறத்தில் இன்னொருவர் அவருக்கு நேரெதிராக நடந்து, உள்ளேயிருந்து கசிந்து வரும் வெளிச்சத்தின் அளவை ஒவ்வோர் அடியிலும் குறித்துக்கொள்கிறார். போதிய குறிப்புகள் சேர்ந்ததும், வளவுக்குள் போகாமலே எங்கே மாமரம், எங்கே வைக்கோற்போர் என்று வரைந்துவிடலாம். சி.ரி. ஸ்கான் செய்வது இதைத்தான். இப்போது வளவுக்குள் யாரோ ஒரு தகரக் கொட்டிலைக் கட்டிவிட்டார்கள். கொட்டிலின் திசையில் அடிக்கும் வெளிச்சம் மறுபக்கத்துக்கு வந்து சேரவே இல்லை. குறிப்பெடுப்பவரின் கொப்பியில் அந்த வரிகள் வெறுமையாக, அல்லது ஏனோதானோவென்ற எண்களோடு இருக்கின்றன. அந்தக் கொப்பியை வைத்து வரைகிற படத்தில் கொட்டில் மட்டுமா பிழையாக வரும்? கொட்டிலுக்கு நேரே முன்னும் பின்னும் நிற்கிற மாமரமும் பிழையாகத்தான் வரும்.

உலோக மூட்டு உள்ளவரின் ஸ்கானைத் திரையில் முதன்முதலாகப் பார்ப்பவர் இதைக் கண்ணாலேயே காணலாம். மூட்டு இருக்கும் இடத்தில் கண்ணைக் கூசும் வெண்மை. அதிலிருந்து நட்சத்திரத்தின் கதிர்கள் போல வெள்ளைக் கோடுகளும் கருங்கோடுகளும் நாற்புறமும் பாய்கின்றன. இரு பக்கமும் உலோகம் என்றால், ஒன்றிலிருந்து மற்றதற்குக் கரிய பட்டையொன்று பாலம் போட்டதுபோல் நீண்டு, சரியாகப் புரொஸ்டேட்டின் மேலேயே படுத்திருக்கும். சுரப்பி எங்கே முடிகிறது, மலக்குடலின் சுவர் எங்கே தொடங்குகிறது என்று மில்லிமீற்றர்க் கணக்கில் கோடு கீற வேண்டிய வைத்தியர், அந்தக் கருமைக்குள் ஊகத்தால்தான் கீற வேண்டியிருக்கும். இந்தச் சிகிச்சையில் உலோகத்தால் விளையும் சிக்கல்களுள் முதலிடத்தை நான் இதற்கே கொடுப்பேன். கணக்குப் பிழையை வேறொரு கணக்கால் திருத்தலாம். தவறான இடத்தில் கீறிய எல்லையை எந்தக் கணக்காலும் திருத்த முடியாது.

இதற்குள் இன்னொரு நுட்பமான பொறி இருக்கிறது. சி.ரி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. ஸ்கான் முறையைக் கண்டதற்காக 1979 இல் நோபல் பரிசை அலன் கோர்மாக்குடன் பகிர்ந்துகொண்ட கொட்ஃபிறி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அந்த எண்ணை அழைக்கிறார்கள். வளிக்கு −1000, தண்ணீருக்கு 0, அடர்ந்த எலும்புக்கு 1000 அல்லது அதற்கு மேல். வழமையான ஸ்கான்களில் இந்த அளவுகோல் 3071 உடன் நின்றுவிடுகிறது, ஏனெனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒதுக்கப்பட்ட இடத்தில் 4096 எண்களே கொள்ளும். அதற்கு மேற்பட்ட எதுவாயினும் 3071 என்றே பதியப்படும். ஆகவே தண்ணீரைப்போல் ஏறத்தாழ நாலரை மடங்கு அடர்த்தியுள்ள டைட்டேனியக் கலப்புலோகமும், எட்டு மடங்குக்குக் கிட்டிய துருப்பிடிக்காத உருக்கும், அதையும் சற்று விஞ்சும் கோபால்ட்-குரோமியமும் கணினியின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மூன்றையும் ஒரே எண்ணுக்குள் அடக்கிய பின், இது எந்த உலோகம் என்று அந்தப் படத்தைக் கேட்டுப் பயனில்லை.

இவற்றுக்குச் செய்யப்படும் பரிகாரங்கள் பல. அளவுகோலை நீட்டிப் பதியும் வசதி இன்றைய யந்திரங்களில் உண்டு. உலோகத்தின் கோடுகளைக் குறைப்பதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களும் உண்டு. அவை வெறுமையான வரிகளை அக்கம்பக்கத்து வரிகளிலிருந்து ஊகித்து நிரப்புகின்றன. படம் தெளிவாகிறது என்பது உண்மை. ஆனால் நிரப்பியது ஊகம் என்பதால், உலோகத்தை ஒட்டிய பகுதியில் இல்லாத ஒன்றை அது காட்டிவிடவும் கூடும். அதனால் திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒழுங்கு. எம்.ஆர்.ஐ. படத்தையும் எடுத்து இரண்டையும் பொருத்தினால் புரொஸ்டேட்டின் எல்லை தெளிவாகும். அந்தப் படத்தையும் உலோகம் குலைக்கிறதாயினும், குலைவு பெரும்பாலும் மூட்டைச் சுற்றியே நின்றுவிடுவதால், நடுவிலிருக்கும் சுரப்பி தப்பிவிடுகிறது.

இவற்றோடு, கையால் செய்யும் ஒரு வேலையும் இருக்கிறது. மருத்துவப் பௌதிகவியலாளரோ திட்டமிடுபவரோ ஸ்கானின் ஒவ்வொரு தளமாகச் சென்று, கருங்கோடும் வெண்கோடும் விழுந்த தசைப் பகுதிகளைச் சுற்றிக் கோடிட்டு, "இதைத் தண்ணீரென்று கொள்" என்று கணினிக்குக் கட்டளை கொடுப்பார். இல்லாவிட்டால் கருங்கோட்டைக் கணினி வளியென்றும் வெண்கோட்டை எலும்பென்றும் எடுத்துக்கொள்ளும். பிறகு உலோகத்தைச் சுற்றிக் கோடிட்டு, அது இன்ன உலோகம், அதன் அடர்த்தி இவ்வளவு என்று எழுதுவார். இடுப்புக்கூட்டில் உலோகம் இருப்பவர்களின் திட்டமிடலைப் பற்றி அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கத்தின் 63 ஆவது பணிக்குழு 2003 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலோகத்தின் வகையை அறிவது எவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்கு இன்றும் அதுவே முதற்பாடம்.

ஆனால், இன்ன உலோகம் என்று யார் சொல்வது? இங்கேதான் எங்கள் வீட்டு அலுமாரிகள் கதைக்குள் வருகின்றன. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும்போது தரப்படுகிற டயக்னோசிஸ் கார்ட்டில், பொருத்திய உறுப்பின் வகை எழுதப்பட்டிருக்கலாம். உறுப்பு வந்த பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சிறு ஸ்ரிக்கர் இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் செய்த நிறுவனம், மாதிரி இலக்கம், உருண்டையின் விட்டம் எல்லாம் அதில் இருக்கும். தலையும் தண்டும் ஒரே துண்டான "ஒஸ்ரின் மூர்" வகை உறுப்பென்றால், உருண்டை இயற்கையான தொடைத்தலையின் அளவுக்கே, நாலைந்து சென்ரிமீற்றர் விட்டத்தில் இருக்கும். மூட்டு முழுவதையும் மாற்றியிருந்தால் உருண்டை சிறிது, 28 அல்லது 32 அல்லது 36 மில்லிமீற்றர். அதிலும் தண்டு டைட்டேனியமாகவும், உருண்டை கோபால்ட்-குரோமியமாகவோ பீங்கானாகவோ, கிண்ணத்தின் உட்புறம் பொலித்தீன் இனத்துப் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். ஒரே மூட்டுக்குள் மூன்று பொருள்கள். சத்திரசிகிச்சை யாழ்ப்பாணத்தில் நடந்திருக்கலாம், கொழும்பில் நடந்திருக்கலாம், பிள்ளைகளிடம் போயிருந்த காலத்தில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ நடந்திருக்கலாம். கதிர்ச் சிகிச்சை தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ ஆரம்பிக்கும்போது அந்தக் கடதாசி கூடவே வந்தால், பௌதிகவியலாளரின் ஒரு நாள் ஊகம் ஒரு நிமிட வாசிப்பாகிவிடும். பிஸ்கட் ரின்னுக்குள் காணி உறுதியோடு சேர்த்து மடித்து வைத்த கார்ட்டைத் தேடியெடுக்கச் சொல்வதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்று நான் நினைக்கிறேன். கடதாசி கிடைக்காவிட்டாலும் வழியில்லாமல் இல்லை: எக்ஸ்ரேயில் உறுப்பின் வடிவத்தைப் பார்த்தே பெரும்பாலும் வகையைச் சொல்லக்கூடிய எலும்பு வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

இனி இரண்டாவது கதிர். 120 கிலோவோல்ட் கதிரை இரண்டரைச் சென்ரிமீற்றர் கோபால்ட்-குரோமியம் ஏறத்தாழ முழுவதுமாகவே விழுங்கிவிடுகிறது. காரணம், அந்தச் சக்தியில் கதிரை உறிஞ்சும் திறன் அணுவெண்ணோடு மிக வேகமாக, ஏறக்குறைய அதன் மூன்றாம் அடுக்காக, ஏறுகிறது. 6 மெகாவோல்ட் கதிரில் அந்த ஆதிக்கம் ஓய்ந்துவிடுகிறது. அங்கே முக்கியமாவது, வழியில் எத்தனை இலத்திரன்கள் குறுக்கிடுகின்றன என்பதே. தண்ணீரோடு ஒப்பிட்டால் டைட்டேனியத்தில் இலத்திரன் அடர்த்தி ஏறத்தாழ 3.6 மடங்கு, கோபால்ட்-குரோமியத்தில் 6.8 மடங்கு. ஆகவே இரண்டரைச் சென்ரிமீற்றர் கோபால்ட்-குரோமியம், இந்தக் கதிருக்கு 17 சென்ரிமீற்றர் தண்ணீர் போல. அவ்விடத்தில் எலும்பும் தசையும் எப்படியும் இருந்திருக்கும் என்பதால் அந்த இரண்டரையைக் கழித்தால், மேலதிகமாக 14.5 சென்ரிமீற்றர். ஒரு சென்ரிமீற்றர் தண்ணீருக்கு நாலரைச் சதவீதமளவு குறைகிறது என்று தோராயமாக வைத்துக்கொண்டால், உலோகத்தைத் தாண்டி வருவது ஏறக்குறையப் பாதி. டைட்டேனியமென்றால் நான்கில் ஒரு பங்குதான் இழப்பு.

பாதி என்றதும் பயப்படத் தேவையில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. முன், பின், வலம், இடம் என்று நான்கு திசைகளிலிருந்து சமமாகக் கதிர் கொடுக்கும் பழைய முறையில், வலப்பக்கக் கதிர் மட்டும் முழுவதும் கோபால்ட்-குரோமியத்தின் நிழலில் விழுந்தால், மொத்தத்தில் புற்றுக்குக் குறைவது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். டைட்டேனியம் என்றாலும் ஆறு சதவீதத்தைத் தாண்டும். கதிர்வீச்சு அலகுகளுக்கும் அளவீடுகளுக்குமான சர்வதேச ஆணைக்குழு 1976 இலேயே, புற்றுக்குச் சேரும் அளவு 5 சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. புரொஸ்டேட் புற்றுநோய்க்கு இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் 60 கிறேயை (கிறே என்பது உடலில் சேரும் கதிரளவின் அலகு) 20 நாட்களாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்றால், அதில் எட்டில் ஒரு பங்கு என்பது இரண்டரை நாள் சிகிச்சை நடக்காமலே போனதற்குச் சமம்.

அப்படியானால் வலப்பக்கக் கதிரைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கணக்களவில் போதும். ஆனால் மனிதர் ஒவ்வொரு நாளும் ஒரே விதமாகப் படுப்பதில்லை. இடுப்பு சில பாகை திரும்பினால் உலோகத்தின் நிழலும் நகரும், கூட்டிக் கொடுத்த கதிர் நிழலில்லாத இடத்தில் விழுந்துவிடும். ஆகவே திட்டமிடுபவர்களின் முதல் விருப்பம், புற்றுக்குப் போகும் வழியில் உலோகத்தைத் தொடாமலிருப்பதே. கதிரின் கண்ணிலிருந்து பார்ப்பதுபோல் உடலைக் காட்டும் ஒரு காட்சி மென்பொருளில் உண்டு. அதில் யந்திரத்தின் தலையைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, எந்தக் கோணத்தில் உருண்டை புற்றின் முன்னாலிருந்து விலகுகிறது என்று பார்க்கிறார்கள். யந்திரம் சுழன்றுகொண்டே கதிர் கொடுக்கும் வில் முறையில், உலோகம் எதிர்ப்படும் பாகைகளில் மட்டும் கதிரை நிறுத்திவிட்டுக் கடந்துசெல்லச் சொல்லலாம். இதிலொரு சலுகையும் இருக்கிறது: இடப்பக்கத்திலிருந்து நுழைந்து, புற்றைக் கடந்த பிறகு வலப்பக்க உலோகத்தில் போய் முட்டும் கதிரால் புற்றுக்கு நட்டமில்லை. நுழையும்போது உலோகம் நின்றால்தான் வில்லங்கம்.

ஒரு பக்கம் மட்டும் உலோகமென்றால் இப்படிச் சமாளிப்பது பெரும்பாலும் கடினமல்ல. இரண்டு பக்கமும் உலோகமென்றால் கதையே வேறு. பக்கவாட்டுத் திசைகள் இரண்டும் அடைபட, முன்னும் பின்னும் சரிவுகளுமே எஞ்சுகின்றன. முன்னாலிருந்து வருவது சிறுநீர்ப்பையைத் துளைத்தும், பின்னாலிருந்து வருவது மலக்குடலைத் துளைத்தும் வர வேண்டும். பக்கவாட்டுக் கதிர்களின் அருமையே அவ்விரண்டையும் தொடாமல் நடுவைச் சேர்வதுதானே. ஆகவே உலோகத்தை எவ்வளவு பிடிவாதமாகத் தவிர்க்கிறோமோ அவ்வளவுக்கு மலக்குடல் விலை கொடுக்கிறது. எந்த அளவுக்கு மேல் அந்த விலை கூடாது என்று பார்த்து, தேவைப்பட்டால் உலோகத்தினூடாக ஒரு சிறு பங்கை அனுமதிப்பதும் உண்டு. உலோகம் இன்னதென்று சரியாகத் தெரிந்திருந்தால் மட்டுமே அந்த அனுமதிக்கு அர்த்தம் உண்டு.

கணக்கிடும் மென்பொருளின் தரமும் இதில் சேர்கிறது. பழைய எளிய கணிப்பு முறைகள் உலோகத்தைக் கூடுதலான தண்ணீராக மட்டுமே பார்த்தன. உலோகத்தின் விளிம்பில் இலத்திரன்கள் சிதறி, கதிர் வரும் பக்கத்தில் சில மில்லிமீற்றருக்குக் கதிரளவைக் கூட்டுவதை அவை காணவில்லை. தனித்தனித் துணிக்கைகளின் பயணத்தைப் பின்தொடரும் மொன்ரே கார்லோ முறை இதைக் காணும். புரொஸ்டேட் உலோகத்திலிருந்து சில சென்ரிமீற்றர் தள்ளியிருப்பதால் அதற்கு இந்த விளிம்புச் சங்கதி பெரிதல்ல. உலோகக் கம்பி செருகிய தொடையெலும்புக்குள்ளேயே புற்றுப் பரவியிருந்தால்தான் அது கவனத்துக்கு வரும்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சையின் ஒரு பாகம் உள்ளிருந்தே கொடுக்கப்படுகிறது. கதிர் மூலத்தைக் கருவிக்குள் வைத்துப் புற்றின் அருகிலேயே சேர்ப்பதால், அந்தப் பாகத்துக்கு இடுப்பு உலோகம் ஏறக்குறைய ஒரு பொருட்டே அல்ல. வெளியிலிருந்து கொடுக்கும் பாகத்துக்கே மேற்சொன்ன கவலைகள் எல்லாம்.

நோயாளர்கள் கேட்கும் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை குறுகியது. "இரும்பு சூடாகாதோ?" என்றால், உணரத்தக்க அளவுக்குச் சூடாகாது, ஒரு நாளைக்குக் கொடுக்கும் கதிரின் சக்தி உலோகத்தை ஒரு பாகையின் மிகச் சிறு பின்னமளவுக்கே சூடாக்கும். "கதிர் இரும்பில ஒட்டியிருந்து பேரப்பிள்ளைக்குப் பிடிக்காதோ?" என்றால், பிடிக்காது, யந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

திட்டம் முடிந்து சிகிச்சை தொடங்கிய பிறகும் உலோகம் ஓய்வதில்லை. ஒவ்வொரு நாளும் கதிர் கொடுப்பதற்கு முன், நோயாளர் அதே இடத்தில் படுத்திருக்கிறாரா என்று யந்திரத்திலேயே ஒரு படம் எடுத்துத் திட்டப் படத்தோடு பொருத்துகிறார்கள். கோடுகள் நிறைந்த அந்தப் படத்தில் சுரப்பி மங்கலாகவும் உலோகம் பளிச்சென்றும் தெரிவதால், உலோகத்தை உலோகத்தோடு பொருத்திவிட்டு வேலையைத் தொடங்கத்தான் கண் விரும்பும். ஆனால் உலோகம் எலும்போடு ஒட்டியது, புரொஸ்டேட் அப்படியல்ல. மலக்குடலில் வாயு சேர்ந்தாலோ சிறுநீர்ப்பை நிரம்பியது போதாவிட்டாலோ, எலும்பு அசையாமலிருக்கச் சுரப்பி மட்டும் சில மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். அதனால்தான், உலோகம் அச்சாகப் பொருந்தியிருக்கும் சில காலைகளிலும், நோயாளரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, "ஐயா, இதைக் குடிச்சிட்டு ஒரு அரை மணித்தியாலம் வெளியில இருங்கோ" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.